கரிக் கருப்பும் சாயக் கருப்பும்

பழவேற்காடு
20-1-2025

ராகுலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. எங்கள் எல்லோர் நம்பரையும் பிளாக் பண்ணி வைத்திருப்பவனுக்கு வேறு எப்படிச் சொல்வது? உன் அண்ணனைப் பேசச் சொன்னேன். "உங்க ரெண்டு பேரு சண்டையில என்னை இழுக்காத"ன்னு சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார். நண்டு ஏற்றிக்கொண்டு போகும் ஜேம்ஸ் அண்ணன் உன் கம்பெனி வாசல் வழியாகத்தான் போகிறாராம். அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகும் நான் நண்டு வளர்க்கிற கொட்டகையில் நண்டு காணாமல் போகிறது. அதே மாதிரிதான். டப்பாவுக்குள் கழற்றிப் போட்ட ஓடு இருக்கும், நண்டு இருக்காது. மூடி ஒழுங்காக மூடியிருக்கும். கெட்டி நண்டை யாரும் தொடுவதில்லை. ஓடு கழற்றி உடம்பு பஞ்சாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் எடுக்கிறார்கள். ஓட்டலுக்குப் போவதும் அந்த நண்டுதான். எது கழற்றப் போகிறது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் நீயும் நானும்தான். அதனால்தான் அன்றைக்கு உன்னைக் கேட்டேன். நீ இல்லாதபோதும் போகிறதே என்று நீ கேட்கலாம். உன் கூட்டாளிகளுக்கு நீ சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்பேன்.

கோயில் வாசலில் கிராமத்தார் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்து, "நான் எடுக்கல, எடுத்தது யாருன்னும் தெரியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். எல்லோரும் செய்கிற சத்தியம்தானே? நீ கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய், அப்புறம் திரும்பி நடந்துவிட்டாய். நீ சத்தியம் செய்கிற வரைக்கும் ஏரியில் பாடு பிரிக்கும்போது உனக்கு முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரியில் வலை கட்ட முறை இல்லாதவனை இந்தக் குப்பத்தில் யார் மதிப்பார்கள்? அதை நினைத்தால் எனக்கும் சந்தோஷமில்லை.

ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். இருட்டிலும் பார்க்கிற வகை, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்றை அதுவே அடித்துக்கொள்கிறது. கொட்டகையில் மாட்டினேன். மறுநாளே யாரோ அதன் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் பழைய பேட்டரிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, முன்னால் கருப்புப் பிளாஸ்டிக் தகடு போடப் போகிறேன். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் கருப்பு. ஆனால் கேமராவின் வெளிச்சம் மட்டும் தகட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும். அப்படிப் பிளாஸ்டிக் உண்டு என்று கேமரா விற்றவன் சொன்னான், அவனிடம் இல்லை. நீ பிளாஸ்டிக் தகடு வெட்டுகிற இடத்தில்தானே வேலை செய்கிறாய். ஒரு துண்டு அனுப்பு, பெட்டியின் அளவைக் கடிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை.

கீதா

❖

அம்பத்தூர்
24-1-2025

அண்ணிக்கு,

தகடு அனுப்பியிருக்கிறேன். கடை போர்டுக்கு வெட்டியதில் மிச்சமான கருப்பு அக்ரிலிக். நீங்கள் சொன்ன அளவுக்கே வெட்டி, ஓரம் தேய்த்து வைத்திருக்கிறேன்.

திருடனிடமே பூட்டு வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் எடுக்கவில்லை. அந்தப் பாதியை மட்டும் சொல்ல விட்டிருந்தால், கை வெந்தாலும் கற்பூரத்தை அணைத்துச் சொல்லியிருப்பேன்.

அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

ராகுல்

❖

பழவேற்காடு
31-1-2025

ராகுலுக்கு,

உன் தகட்டை மாட்டினேன். தை அமாவாசைக்கு நண்டுகள் மளமளவென்று ஓடு கழற்றின. கேமராவில் என்ன தெரிந்தது தெரியுமா? ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தார் பூசிய மாதிரி கருப்பு. தகட்டைக் கழற்றினால் கொட்டகை முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது. தகட்டைப் போட்டால் குருடு. இரண்டு நண்டு போய்விட்டது.

உன்னைக் கேட்டது என் தப்பு. நாம் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர்கள் கொடுக்கிற கண்ணாடி இப்படித்தான் இருக்கும். அளவு பார்த்து வெட்டி, ஓரம் எல்லாம் தேய்த்து, என்னமாய் ஏமாற்றியிருக்கிறாய்! ஜேம்ஸ் அண்ணனிடம் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் கடை போர்டுக்கே வைத்துக்கொள்.

அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார். நீ போனதில் இருந்து பாதிச் சோறுதான்.

கீதா

❖

அம்பத்தூர்
5-2-2025

அண்ணிக்கு,

திருடன் என்றீர்கள், வாங்கிக்கொண்டேன். ஏமாற்றுக்காரன் என்று என் வேலையைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. கருப்பு என்றால் கருப்புதான் என்று நினைத்துவிட்டேன். வெட்டு மிஷினில் என்னோடு நிற்கிற தருமலிங்கம் அண்ணனைக் கேட்டேன். "கருப்புல இன்னாடா ரெண்டு ஜாதி?"ன்னு சிரித்தார். அப்புறம் கேன்டீனில் டீ குடிக்கும்போது டிவி ரிமோட் கண்ணில் பட்டது. அதன் மூக்கில் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் இருக்கிறது பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு இருட்டு. ஆனால் ரிமோட்டின் வெளிச்சம் அதைத் தாண்டித்தானே டிவிக்குப் போகிறது? உங்கள் கேமரா அடிக்கிற வெளிச்சமும் கிட்டத்தட்ட அந்தச் சாதிதான். உங்களுக்கு அனுப்பிய தகட்டை ரிமோட்டுக்கு முன்னால் பிடித்து அமுக்கினேன். சேனல் மாறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் தெரிந்த ஆளைப் பிடித்து விசாரித்தேன். கருப்பு இரண்டு வகையாம். ஒன்று கரித்தூள் கலந்தது. கரி எந்த வெளிச்சத்தையும் விடாது, விழுங்கிவிடும். கடை போர்டு, பைப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் அந்தக் கருப்பு. இன்னொன்று சாயம் கலந்தது. அது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விட்டுவிடும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு நாள் குப்பைக் குவியலில் கிடந்த துண்டெல்லாம் ரிமோட்டால் அமுக்கிப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். தேறியதும் தேறாததுமாக நான்கு அனுப்புகிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே வீட்டு டிவியில் பாருங்கள். துண்டை ரிமோட் மூக்கில் ஒட்டிப் பிடித்து அமுக்குங்கள், சேனல் மாறினால் அது வழி விடுகிறது. பிறகு அதே துண்டை வெயிலில் கண்ணுக்கு நேரே பிடியுங்கள், அந்தப் பக்கம் எதுவும் தெரியக் கூடாது. இரண்டிலும் தேறுவதுதான் நமக்கு ஆகும்.

அடையாளத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறேன்: ஒரு ஓட்டை, கருப்பு பாலிதீன் பை. மெல்லிசாக இருப்பதால் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் விடுமாம், ஆனால் உங்கள் கேமரா பார்ப்பது உடம்புச் சூட்டை இல்லை. இரண்டு ஓட்டை, கார் ஷெட்டுக்கு மேலே போடுகிற பழுப்புத் தகடு. மூன்று ஓட்டை, வெளிச்சம் பட்டுக் கருத்துப்போய்க் கழுவிய கலர் போட்டோ பிலிமின் வால். நான்கு ஓட்டை, யாரோ கதவு சென்சாருக்கு மூடி வெட்டக் கொடுத்துவிட்டு மீதியை வாங்காமல் போன சாயக் கருப்பு.

நான்காவதை ஒரு ராத்திரி முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று. அது ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். தெரிந்தே மறுபடியும் கரித் தகட்டை அனுப்பினால் அன்றைக்கு நீங்கள் சொன்னது உண்மையாகிவிடும். அதனால் அனுப்பிவிட்டேன்.

ராகுல்

❖

பழவேற்காடு
10-2-2025

ராகுலுக்கு,

நீ சொன்ன மாதிரியே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பரீட்சை வைத்தேன். துண்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும், ரிமோட்டை அமுக்க ஒரு கை, எழுதிக்கொள்ள ஒரு கை. அத்தையைத்தான் துணைக்கு உட்கார வைத்தேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்த நேரம். "இன்னாத்துக்குடி இது?"ன்னு கேட்டார். நண்டுக்கு என்றேன். "நண்டுக்கு டிவி வேற போடப் போறியா?"ன்னு கேட்டாரே பார்க்கலாம்! நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பாலிதீன் பையில் சேனல் மாறவே இல்லை. பழுப்புத் தகட்டில் ஜோராக மாறியது. ஆனால் வெயிலில் பிடித்தால் எதிர்வீட்டு கோவிந்தம்மா வலை அலசுவது வரைக்கும் தெரிகிறது. கேமராவின் கண்ணும் தெரிந்துவிடும், அது ஆகாது. பிலிம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்கு இருட்டு, ரிமோட்டுக்கு வழி. ஆனால் சுருண்டு சுருண்டு போகிறது, இந்த உப்புக் காற்றில் எத்தனை நாளைக்கு நிற்கும்? நான்காவதுதான். உச்சி வெயிலில் சூரியனுக்கு நேரே பிடித்தால்தான் லேசாக ஒரு அரக்குச் சிவப்பு தெரிகிறது, வேறு ஒன்றும் இல்லை. அத்தை வாங்கி எங்கெங்கோ திருப்பிப் பார்த்துவிட்டு, "கருப்புக்குள்ள செவப்பு ஒளிஞ்சிக்கினு இருக்குது"ன்னார்.

உன்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அதை மட்டும்தான், மற்றது இன்னும் பாக்கி இருக்கிறது.

தகட்டை மாட்டிப் பார்த்ததில் புதுத் தலைவலி. முன்பு கருப்பாக இருந்தது, இப்போது முழுக்க வெள்ளை. மார்கழிப் பனியில் ஏரியைப் பார்க்கிற மாதிரி. டப்பா வரிசை அங்கங்கே நிழலாகத் தெரிகிறது. ஆள் வந்தால் ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. இதற்கு என்ன வழி?

இன்னொன்று. "அந்தப் பாதியை மட்டும்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்போது கோபத்தில் கவனிக்கவில்லை. "நான் எடுக்கல" என்பது ஒரு பாதி. "எடுத்தது யாருன்னும் தெரியாது" என்பது மறுபாதி. அப்படியென்றால் யாரென்று உனக்குத் தெரியுமா?

கீதா

❖

அம்பத்தூர்
14-2-2025

அண்ணிக்கு,

வெள்ளை அடிப்பதற்குக் காரணம் தகடு இல்லை. கேமராவைச் சுற்றி இருக்கிற விளக்கின் வெளிச்சம் தகட்டின் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பிக் கேமரா கண்ணிலேயே விழுகிறது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, நடுவில் இருக்கிற கண்ணை மட்டும் சுற்றி ஒட்டுங்கள். வளையம் தகட்டை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. விளக்கு வெளியில், கண் உள்ளே, நடுவில் ரப்பர். இங்கே ஒரு டப்பாவில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்க்ரூவுக்காகத் தகட்டில் ஓட்டை போடுவதாக இருந்தால் மெதுவாகப் போடுங்கள், அவசரப்பட்டால் விரிசல் விடும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். எழுத முடிந்திருந்தால் கோயில் வாசலிலேயே சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்ச நாளில் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. யாரைப் பார்த்தாலும் கிராமத்தாரிடம் போகாதீர்கள். சத்தம் போடாதீர்கள். யாரையும் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். எனக்குப் பாடு போனது போனதாக இருக்கட்டும், இங்கேயே எனக்கு வேலை இருக்கிறது.

ராகுல்

❖

பழவேற்காடு
25-2-2025

ராகுலுக்கு,

பார்த்துவிட்டேன்.

ரப்பர் வளையம் போட்டதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. நான் இரைமீன் வாங்கப் படகுத்துறைக்குப் போகிற விடிகாலையில்தான் நடக்கிறது. வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் வருகிறாள். யாரடா இது, நம் தெருவில் வெள்ளைப் புடவை யாரும் கட்டுவதில்லையே என்று எனக்குக் குழப்பம். ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து பார்க்கிறாள். ஓடு கழற்றியதை இரண்டு கையாலும் ஏந்தி முந்தானையில் வைத்துக்கொள்கிறாள். மூடியைப் போட்டுவிட்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி வாய்க்கால் பக்கம் போகிறாள். அந்த நடையை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அத்தையேதான். அத்தை அன்றைக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலரில் கருப்புக்கரை போட்ட புடவை. உன் தகட்டில் நடக்கிற மாதிரிதான் துணியிலும் நடக்கிறதோ என்னவோ, சாயம் அந்தக் கேமராவுக்குத் தெரிவதில்லை.

அடுத்ததையும் பார், கொட்டகையின் திறந்த பக்கம் வழியாக வாய்க்கால் ஓரமும் கேமராவில் விழுகிறது. வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, நண்டு தானாக நகர்ந்து போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு எழுந்து வருகிறார். விற்கவில்லை, சமைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. ஏரியில் விடுகிறார்!

நீ கேட்டுக்கொண்டபடி சத்தம் போடவில்லை. அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தே, அந்த நண்டை ஏன் விடுறீங்க?"ன்னு கேட்டேன். திடுக்கிடக்கூட இல்லை. "பின்ன இன்னா பண்ணுவாங்க? ஓடு கழட்டினது புள்ள பெத்த ஒடம்பு மாதிரிடி. வலையில வந்தாக்கூட ஒங்க மாமனாரு கையால எடுத்து வுட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. நீ அதைத் தேடித் தேடி ஐஸ்ல போடுற. பாத்துக்கினு இருக்க முடியுமா?"

"அப்ப ராகுல் மேல பழி போட்டேனே, அப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே அத்தே?"

அதற்குத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லத்தான் கிளம்பினேன். அவன்தான் வுடல. ஒருநாளு வாய்க்காங்கிட்ட என்னைப் பாத்துட்டான். எங்கையத் தூக்கி அவன் தலை மேல வெச்சி, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினான். 'அண்ணிக்குத் தெரிஞ்சா ஒன்னை வூட்ல சேக்காதும்மா, அது தொழிலுன்னா யாரையும் பாக்காது'ன்னான்."

ராகுல், எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை, உன் மேல். அடுப்பைக்கூட அணைக்காமல் வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன். ஒரு நண்டுக்காக மாமியாரைத் தெருவில் நிறுத்துகிறவள் என்றா என்னை நினைத்தாய்? இத்தனை வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டோமே! அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நீயாவது அதை மனசுக்குள் வைத்துக்கொண்டாய். நான் உன்னைத் திருடன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன். அந்த நியாயத்தில் பார்த்தால் என்னைப் பற்றி நீ நினைத்தது ஒன்றும் பெரிய தப்பில்லை.

கிராமத்தாரிடம் நான் போகவில்லை. அத்தையே போய்விட்டார். சங்கு ஊதிக் கூட்டம் கூட்டிய நாளில், ஆம்பிளைகள் நடுவில் போய் நின்று, "நண்ட எடுத்தவ நானு. எம்புள்ள இல்ல"ன்னார். ஒருத்தர், "பெத்த பாசம், புள்ளைக்காகப் பொய் சொல்லுது"ன்னு சொல்லி எழுந்தார். நான் போனை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் காட்டலாமா என்று அத்தையின் காதில் கேட்டேன். "காட்டு. நான் இன்னா அம்மணமாவா இருக்கேன்?"ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவர் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருக்கிற இடம் வந்ததும் எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். பெரியவர் தேசப்பன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "ஓடு கழட்டினதத் தொடாதேன்னு நம்ம வூட்டுப் பொம்பளைங்களும் சொல்லுவாங்க"ன்னார். உன் முறையைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். அடுத்த பாடு பிரிக்கச் சீட்டுப் போடும்போது உன் பெயரும் இருக்கும். உன் அண்ணன் இன்றைக்குத்தான் வாயைத் திறந்து, "அவனை வரச் சொல்லு"ன்னார்.

தொழிலை நான் விடப் போவதில்லை. அத்தையும் விடப் போவதில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரு நண்டு அவருக்கு என்று பேசிப் பார்த்தேன். இரண்டு என்று நிற்கிறார். நீ வந்து தீர்த்து வை.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கிராமத்தார் முன்னாலும் கேட்டுவிட்டேன், உனக்கு நேரில் கேட்க வேண்டும்.

கீதா

❖

அம்பத்தூர்
28-2-2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மிஷின் பக்கத்திலேயே நின்று படித்தேன். தருமலிங்கம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்திவிட்டார்.

உங்களை அப்படி நினைத்தது தப்புதான் அண்ணி. அம்மாவை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை உங்களையே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லோர் நம்பரையும் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஊரை விட்டு வந்தபோது ஜேம்ஸ் அண்ணன் வண்டியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு விடிவதற்குள் வந்தேன். அவர் வண்டியில் வர மாட்டேன். பஸ்ஸில் வந்து இறங்கி, பகலில், கோயில் தெரு வழியாக நடந்து வருகிறேன். அண்ணனை ஸ்டாப்புக்கு அனுப்ப வேண்டாம். தனியாகத்தான் நடக்க வேண்டும்.

நீங்களும் அம்மாவும் வாசலில் நின்றால் போதும்.

ராகுல்